கடத்தூர் லேப்டாப்பும் நான் எழுதாமல் விட்ட வரியும்

போன வாரம் முனிராஜ் போன் செய்தார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். பதினாறு வருடம் எனக்கு முதலாளி. கண்ணில் புரை விழுந்து, திருகாணியும் கடுகும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு நான் வேலையை விட்டேன். அதற்குப் பிறகும் பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது ஏதாவது சாக்கு வைத்துக் கூப்பிட்டுவிடுவார்.

இந்த முறை சாக்கு, புது சாப்ட்வேர். இனிமேல் ஜாப் ஷீட்டைக் கையால் எழுத வேண்டாமாம். 'என்ன கோளாறு' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஃபேன் சத்தம், ஸ்லோ, சூடு, ஆன் ஆகவில்லை என்று பதினோரு வகை போட்டிருக்கிறாராம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வந்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும் என்று என்னைப் பதினாறு வருடம் படுத்தி எடுத்த மனிதர் இவர். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள். இன்னொருத்தி பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். டிவி, ஸ்டெபிலைசர், யு.பி.எஸ்., டெஸ்க்டாப் என்று காலம் எதைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததோ அதைத் திறந்து பார்த்தேன். லேப்டாப்புக்கு வரும்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. முனிராஜுக்கு அப்போது இருபத்தேழு. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கடையில் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. கோபம் வந்தால் தெலுங்கில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு கவுன்டர் கண்ணாடியைத் துணியால் துடைப்பார். கண்ணாடி பளபளவென்று இருந்தால் அன்றைக்கு நாங்கள் நிறைய தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். என்னை 'மேரிக்கா' என்பார். முதல் நாளே ஒன்று சொன்னார்: "நீங்க எனக்கு மூத்தவங்க. ஆனா ஜாப் ஷீட்டு விஷயத்துல மட்டும் நான் சொல்றத கேட்டுக்கணும்க்கா."

அவர் சட்டம் இதுதான். லேப்டாப்பைக் கொண்டுவருபவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த பெயரை அதற்கு வைக்கக் கூடாது. எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் திருப்புளியைத் தொடக் கூடாது.

எனக்கு ஆரம்பத்தில் இது வெட்டி வேலையாகத்தான் பட்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். 'சனிக்கிழமையானா மட்டும் கத்துது' என்றார். மற்ற நாளில் பள்ளிக்கூடத்து மேசையில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை வீட்டில் மெத்தை மேல் வைத்து வேலை செய்வார். அடியில் காற்று இழுக்கிற ஓட்டையை மெத்தை அடைத்துக்கொள்ளும். காற்று இல்லையென்றால் ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்? நான் 'ஃபேன் சத்தம்' என்று எழுதியிருந்தால் நல்ல ஃபேனைக் கழற்றி வேறு ஃபேன் மாட்டியிருப்பேன். ஒரு பலகை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அன்றைக்கு முனிராஜ் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

இந்த வேலையின் சூட்சுமம் ரொம்பச் சின்னது. லேப்டாப்புக்குள் பிராசஸர் என்று ஒரு சில்லு. எல்லா வேலையும் அதுதான் செய்கிறது, அதனால் சூடாகிறது. அந்தச் சூட்டைச் செப்புக் குழாய் ஒன்று ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே சீப்புப் பல் போல நெருக்கமான தகடுகள். ஃபேன் அதன் மேல் காற்றை அடித்து வெளியே தள்ளும். தகடுகள் அடைத்துக்கொண்டால் ஃபேன் அலறும். அப்படியும் சூடு இறங்கவில்லை என்றால் பிராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் மேடு ஏறுகிறவன் நின்று நின்று நடக்கிற மாதிரி.

அடைப்பு வகைகளை வைத்தே எங்கள் மாவட்டத்தைச் சொல்லிவிடலாம். பட்டுப்புழு வளர்க்கிறவர் லேப்டாப்பில் புழுக்கூட்டு இழை பஞ்சு பஞ்சாக வரும். அதனோடு புழுவுக்குத் தூவுகிற சுண்ணாம்பும் சேர்ந்து அடை தட்டியிருக்கும். ஆயுத பூஜை முடிந்த வாரம்தான் எங்களுக்குத் தீபாவளி. இயந்திரம் என்றால் பொட்டு வைக்காமல் விடமாட்டோம் அல்லவா? சந்தனமும் குங்குமமும் சரியாகக் காற்று போகிற ஓட்டை மேலேயே இருக்கும். மூன்று வருடம் தொடர்ந்து வந்த ஒருவரிடம், மூடி மேல் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொன்னேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நாலாவது வருடம் மூடி மேல்தான் வைத்திருந்தார்.

சுத்தம் செய்வதற்கு என்று ஒரு முறை உண்டு. கழற்றிய திருகாணிகளைத் தெர்மகோல் அட்டையில் அதே இடத்தில் அதே வரிசையில் குத்தி வைக்க வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போய்விடும். பிராசஸரிலிருந்து சூட்டைச் செப்புக் குழாய்க்குக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்திருக்கும், அதைத் துடைத்துவிட்டுப் புது பேஸ்ட் வைக்க வேண்டும். துவரம்பருப்பு அளவுதான். தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விட்டால் சூடு அங்கேயே நிற்கும். மூடி முடித்ததும் அரை மணி நேரம் பெரிய வேலையைக் கொடுத்து ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். இதெல்லாம் எனக்குக் கை பழகிய வேலை. அந்த நம்பிக்கைதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடையில் முனிராஜ் சட்டம் ஒன்று என்றால் என் சட்டமும் ஒன்று இருந்தது. ஒரு முறை பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர் ஒருவருடைய சார்ஜர் வேறொருவரோடு மாறிப்போய், அவர் ஒரு மணி நேரம் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டார். மறுநாளே நான் ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: 'சார்ஜர், பை, மவுஸ் வாங்கமாட்டோம். லேப்டாப் மட்டும் கொடுக்கவும்.' மேசையில் எல்லா வகைச் சார்ஜரும் எங்களிடமே இருந்தது. பிறகு எதற்கு ஊரார் சார்ஜர்? ரொம்பப் புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பச்சியம்மா வந்தது ஒரு சித்திரை மாதத்தில். கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். அது மருமகள் ரேவதியுடையது. ரேவதிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. மருத்துவமனைக் கணக்குகளுக்குக் குறியீட்டு எண் போட்டுக் கொடுக்கிற வேலை. எட்டு மாதக் குழந்தை இருப்பதால் வீட்டிலிருந்தே செய்தாள். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிறுக்கு ஞாயிறு வருவான். குழந்தையைப் பச்சியம்மாதான் பார்த்துக்கொண்டார். அதற்காகவே அவர் கூலி வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சத்தம் போடுதுங்க, அது கெடக்குது வுடுங்க. ஒயரு குத்துனா மருமவ மொகம் சுண்டிப் போவுது. புடுங்குனா தெளியுது."

கடையில் அன்றைக்குக் கூட்டம். மாமியார் மருமகள் மூஞ்சிக் கதையெல்லாம் கேட்க எனக்குப் பொழுதில்லை. 'ஃபேன் சத்தம், ஸ்லோ' என்று எழுதினேன். படித்துக் காட்டவும் இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அது ரொம்பச் சுலபமாகவும் இருந்தது.

திறந்து பார்த்தால் நான் நினைத்த மாதிரியே தகடுகளில் தூசி அடை. சுத்தம் செய்தேன், பேஸ்ட் மாற்றினேன், எங்கள் சார்ஜரில் போட்டு அரை மணி ஓடவிட்டேன். ஃபேன் பூனை மாதிரி ஓடியது, வேகமும் குறையவில்லை. பச்சியம்மா மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பத்தே நாளில் திரும்ப வந்தார். சத்தம் இல்லை, ஆனால் மெதுவாகத்தான் இருக்கிறது என்றார். இந்த முறை ரேவதியும் போனில் பேசினாள். அவள் வேலை செய்கிற ஒவ்வொரு நிமிடமும் கம்பெனிக்குத் தெரியும். ஒரு பக்கம் திறப்பதற்குள் சுற்றிச் சுற்றி நிற்கிறது. அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே பதிவாகிறது. இரண்டு முறை எச்சரிக்கை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலைக்குள் சரியாகவில்லை என்றால் சென்னை ஆபீசுக்கு வந்து கம்பெனி இயந்திரத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எங்கே சென்னைக்குப் போவாள்? வேலை போனது போனதுதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. இரண்டு நாள் அதை என் மேசையிலிருந்து இறக்கவில்லை. ஃபேனையே மாற்றினேன். பேஸ்ட் மறுபடி வைத்தேன். விண்டோஸில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற அமைப்புகளையெல்லாம் பார்த்தேன். நான்கு மணி நேரம் ஓடவிட்டேன். குதிரை மாதிரி ஓடியது. சனிக்கிழமை மதியம் பச்சியம்மா வந்து வாங்கிக்கொண்டார். இனி வராது என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ரேவதி போன் செய்தாள். மறுபடியும் அதே மாதிரி. நான் சொன்னபடி சூட்டையும் வேகத்தையும் பார்த்துச் சொன்னாள். சூடு நாற்பத்தெட்டு டிகிரிதான். ஆனால் மூன்று கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய வேகம் அரைக்கும் கீழே கிடந்தது. சூடே இல்லாமல் வேகம் குறைகிறது. என் அனுபவத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவள் அழவில்லை, குரலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, பரவாயில்லைக்கா, விடுங்க என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முனிராஜிடம் போய், இது போர்டு கோளாறு, நம்மால் முடியாது என்றேன். அவர் ஜாப் ஷீட்டை எடுத்துப் பார்த்தார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்கக்கா?"

"அதான் எழுதியிருக்கறேனே, ஃபேன் சத்தம், ஸ்லோ."

"இது நீங்க சொன்னது. அவங்க என்ன சொன்னாங்க?"

துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தெலுங்குகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் தம்பி வயதுகூட இல்லாதவர் என்னைப் பிள்ளையை நிறுத்திக் கேட்கிற மாதிரி கேட்கிறாரே என்று இருந்தது. 'அவங்க மருமக மொகத்தைப் பத்திச் சொன்னாங்க, அதையா எழுதறது' என்று எரிந்து விழுந்துவிட்டு, குத்தலாகத்தான் சொல்லிக் காட்டினேன்: ஒயர் குத்தினால் முகம் சுண்டுமாம், பிடுங்கினால் தெளியுமாம்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. முனிராஜ் துடைப்பதை நிறுத்திவிட்டு, நான் மாட்டிய அட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சார்ஜர் வாங்கமாட்டோம். இரண்டு முறையும் அந்த லேப்டாப் எங்கள் சார்ஜரில் ஓடியது. அவர்கள் சார்ஜரை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் பூசைக்குப் போகவில்லை. எங்கள் சார்ஜர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே கடத்தூர் பஸ் ஏறினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு முறை 'சரியாகிவிட்டது' என்று சொன்ன வாயால் மூன்றாவது முறையும் போனில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மகன் இன்னும் ஓசூரிலிருந்து வந்து சேரவில்லை. வீட்டில் ஜன்னலோரம் மேசை, பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் தூளி. பச்சியம்மா தூளியை ஆட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க அவர் உட்காருகிற இடம் அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அங்கிருந்து நிமிர்ந்தால் திரை தெரியாது. ரேவதியின் முகம் மட்டும்தான் தெரியும்.

சார்ஜர் ஒயரின் நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எலி கடித்துவிட்டதாம். பச்சியம்மா கடத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டு வாங்கி வந்திருக்கிறார். "உள்ள மூணு கம்பி இருந்துச்சுங்க. ஒண்ணு மயிரு மாதிரி மெல்லிசு. கரண்டுக்கு ரெண்டு போதும், இது எதுக்குன்னு அந்தாளு வெட்டி வுட்டுட்டான்" என்றார். அந்த மெல்லிய கம்பி மின்சாரத்துக்கு இல்லை. எந்தச் சார்ஜர் மாட்டியிருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்லுகிற கம்பி அது. அது இல்லையென்றால், ஏதோ தெரியாத சார்ஜர், இதை நம்பி ஓடக் கூடாது என்று லேப்டாப் பயந்து வேகத்தை அடியோடு குறைத்துவிடும். விளக்கும் எரியும், மூடி வைத்தால் பேட்டரியும் மெல்ல ஏறும். அதனால் சார்ஜர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. காலையில் ஆன் செய்யும்போது ஏதோ இங்கிலீஷில் எழுத்து வரும், ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும் என்று ரேவதி இப்போதுதான் சொன்னாள். நானும் இப்போதுதான் கேட்டேன்.

அவள் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். அவர்கள் சார்ஜரைக் குத்தினேன், வேகம் சரிந்தது. பிடுங்கினேன், ஏறியது. எங்கள் சார்ஜரைக் குத்தினேன், அப்படியே நின்றது. பத்து நிமிடம் பார்த்தோம். அசையவில்லை.

ரேவதி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சும்மா எழுந்து வந்திருக்கலாம். வரத் தோன்றவில்லை.

"உங்க அத்தை மொத நாளே இதைச் சொல்லிட்டாங்கம்மா. நான்தான் எழுதாம வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.

ரேவதி என்னைப் பார்க்கவில்லை, பச்சியம்மாவைப் பார்த்தாள். ஒயர் போட்டால்தான் இப்படி ஆகிறது என்று அவர் தன்னிடமும் சொன்னார் என்றும், உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க என்று தானும் அடக்கிவிட்டதாகவும் மெல்லச் சொன்னாள். பச்சியம்மா தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு அதும் பேரு ஒண்ணுந் தெரியாது கண்ணு. உன்னப் பாத்துக்கிட்டு இருக்கத் தெரியும்" என்றார். ரேவதி எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன்.

கொண்டுபோன சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கடையில் நான் மாட்டிய அட்டையை முனிராஜ் கழற்றவில்லை. நானே கழற்றுகிற வரைக்கும் காத்திருந்தார். அதற்கு அவருக்கு நான் கடன்பட்டவள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து என் கண் போன் மேலேயே இருந்தது. பத்தாயிற்று, பத்தரையாயிற்று. ரேவதி கூப்பிடவில்லை. என்னவோ ஆகிவிட்டது, நாமே கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். பதினோரு மணிக்கு மணி அடித்தது. பச்சியம்மா. பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது.

"அவ ஒக்காந்தது ஒக்காந்த மாதிரியே இருக்கறாங்க. உங்ககிட்ட பேச நேரமில்லையாம், அதான் நான் கூப்புட்டேன்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெச்சிடறேனுங்க. புள்ள முழிச்சிக்கிட்டான். அவ எந்திரிச்சிரப் போறா."